கணினிக்குள் ஓடும் வாகனங்கள்: புகைக் கணக்கை எழுதுவது யார்?

(வார இறுதித் தொலைக்காட்சி அரங்கில் போக்குவரத்துப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மையார், வாகனப் புகை நம் பிள்ளைகளின் நுரையீரலை என்ன செய்கிறது என்பதனை மிகத் தெளிவாக எடுத்துரைத்தார். அவருக்கு முன் பேசிய அன்பர், புதிய சாலைகள் இல்லாமல் நெரிசல் தீராது, நெரிசல் தீராமல் புகையும் குறையாது என்று வாதிட்டார். இருவருடைய பேச்சிலும் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 'ஆய்வறிக்கையின்படி' என்பதே அது. ஓர் ஆய்வறிக்கையின்படி புகை கூடுகிறது. மற்றோர் ஆய்வறிக்கையின்படி புகை குறைகிறது. அந்த அறிக்கையில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வதற்காகத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் போக மாட்டேன்.

ஒரு நகரத்தில் ஓடும் அத்தனை வாகனங்களின் புகைக்குழாயிலும் பை கட்டி அளக்க முடியுமா? முடியாது. காற்றுத் தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அதில் லோரி விட்டது எவ்வளவு, கார் விட்டது எவ்வளவு, தொழிற்சாலை விட்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டா. அதைவிடப் பெரிய சிக்கல், இன்னும் கட்டப்படாத சாலையின் புகையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆகவே கணினிக்குள் ஒரு நகரத்தை உருவாக்கி, அதில் வாகனங்களை ஓட விட்டு, புகையைக் கணக்கிடுகிறார்கள்.

இதில் உலகம் முழுவதும் பேசப்படுவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவையின் 'மூவ்ஸ்' என்ற மென்பொருள். அதற்கு முன்னோடி 1978-இல் வந்த 'மொபைல்' என்ற வரிசை. நம் கைத்தொலைபேசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2010-இல் மூவ்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது. 2024-இன் கடைசியில் அதன் ஐந்தாம் பதிப்பு வெளியானது. கலிபோர்னியா மாநிலம் மட்டும் 'எம்ஃபேக்' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. ஐரோப்பியர்கள் பயன்படுத்துவது 'கோபெர்ட்'. மூவ்ஸ் மென்பொருளை எவரும் காசு கொடுக்காமல் இறக்கிக் கொள்ளலாம். அதை ஓட்டவும் ஒரு வாரத்தில் கற்றுக் கொள்ளலாம்.

கடினமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பெட்ரோல் கார் ஒன்று இந்த வேகத்தில், இந்த வெப்பத்தில் ஓடினால் எவ்வளவு புகை விடும் என்பது மூவ்ஸுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான வாகனங்களைச் சோதித்த விவரங்கள் அதற்குள் இருக்கின்றன. ஆனால் உங்கள் மாவட்டத்தில் எத்தனை கார், அவற்றுக்கு என்ன வயது, எந்த மணிக்கு எந்த வேகத்தில் ஓடுகின்றன, என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள், வெயில் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவற்றை நாம்தான் அட்டவணை அட்டவணையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றைத்தான் உள்ளீட்டுக் கோப்புகள் என்கிறோம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள் நம் பாட்டிமார்கள். இந்தத் தொழிலில் சட்டி என்பது அந்தக் கோப்புகள்தாம்.

இதில் என்ன பெரிய விஷயம், ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா பார்க்கும் வேலைதானே என்று நினைப்பவர்களுக்கு அட்லாண்டா நகரின் கதையைச் சொல்கிறேன். 1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. காற்று கெட்டுப் போயிருக்கும் வட்டாரங்களுக்கு, வாகனங்கள் ஒரு நாளைக்கு இத்தனை டன் புகைதான் விடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. வீட்டுச் செலவுக்கு வரவு செலவுத் திட்டம் போடுவது போல, புகைக்கு ஒரு வரவு செலவுத் திட்டம். அந்த வட்டாரத்தின் சாலைத் திட்டங்கள் எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, புகை வரம்புக்குள் அடங்குகிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், புதிய சாலைகளுக்கு மத்திய அரசின் பணம் கிடைக்காது.

அட்லாண்டாவைச் சுற்றியிருந்த 13 மாவட்டங்களுக்கு 1998 ஜனவரியில் இதுதான் நேர்ந்தது. வரம்புக்குள் வருவதாகக் காட்ட முடியவில்லை. மத்திய அரசுப் பணத்தில் புதிய சாலைத் திட்டங்களைச் சேர்ப்பது நின்று போனது. ஏற்கனவே ஒப்புதல் பெற்ற சில பணிகள் மட்டும் தொடர்ந்தன. அந்தச் சலுகையும் சட்டப்படி செல்லாது என்று 1999 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜோர்ஜியா மாநிலம், வட்டாரப் போக்குவரத்துக்கென்றே தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. 2000-ஆம் ஆண்டில்தான் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டரை ஆண்டுக் காலம் ஒரு மாநகரத்தின் சாலைத் திட்டங்கள் ஒரு கணக்கின் விடையில் சிக்கிக் கிடந்தன. அப்போது மூவ்ஸ் பிறக்கவில்லை, மொபைல் காலம் அது. மென்பொருள் மாறியது. சட்டம் மாறவில்லை. ஆகவே இன்றும் அந்தக் கோப்புகளை எழுதுகிறவரின் மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சாலை வேண்டும் என்பவர். மற்றவர் அந்தச் சாலையோரத்தில் குடியிருப்பவர். முதலாமவர் அடிக்கடி தொலைபேசியில் அழைப்பார். இரண்டாமவருக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது.

சரி, கோப்புக்குள் போவோம். முதலில், மொத்தம் எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்ற கணக்கு. சாலையின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சக்கரம் ஏறினால் காற்று அழுந்தும், கருவி எண்ணிக் கொள்ளும். ஆனால் அது எண்ணுவது வாகனத்தை அல்ல, அச்சை. காருக்கு இரண்டு அச்சு. பதினெட்டுச் சக்கர இழுவை லோரிக்கு ஐந்து அச்சு. இதைத் திருத்தாமல் விட்டால், ஒரு லோரி இரண்டரைக் காராகிவிடும். அதுபோல இரண்டு நாள் எண்ணிவிட்டு அதை ஆண்டு முழுவதற்கும் நீட்ட வேண்டுமானால், அது எந்த மாதம், எந்தக் கிழமை என்று பார்த்துத் திருத்த வேண்டும். மூவ்ஸ் வாரத்தை இரண்டாகத்தான் பிரிக்கிறது. வேலை நாள் ஐந்தும் ஒரு கட்டு, வார இறுதி இரண்டும் ஒரு கட்டு. எல்லா நாளும் ஒரே அளவு ஓட்டம் என்றால் வேலை நாள் கட்டுக்கு 0.7143, வார இறுதிக்கு 0.2857 என்று வர வேண்டும். ஒரு நாளின் சராசரி கேட்கிறார்கள் என்று எண்ணி இரண்டுக்கும் பாதிப் பாதி போடுகிறவர்கள் உண்டு. கூட்டினால் ஒன்று வரும். கணினியும் வாயைத் திறக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை, திங்கட்கிழமை காலையைவிட நெரிசலாகிவிடும்!

தூரம் தெரிந்தால் போதாதா, வாகன எண்ணிக்கை தனியாக எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஓடாமல் நிற்கும் காரும் காற்றைக் கெடுக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் தொட்டியில் இருந்து பெட்ரோல் ஆவியாகிக் கசியும். காலையில் முதன்முதலாக முடுக்கும்போது, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கருவி இன்னும் சூடேறியிருக்காது. நன்றாகச் சூடேறும் வரை அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளியாகும் நச்சு, அதன் பிறகு நெடுந்தூரம் ஓடினாலும் வராது. பக்கத்துத் தெருக் கடைக்கு ரொட்டி வாங்கக் காரில் போகும் அன்பர்கள் கவனிக்கவும். ஆகவே எத்தனை முறை முடுக்கப்படுகிறது என்று தெரிய, எத்தனை வாகனம் என்று தெரிய வேண்டும். மூவ்ஸில் இதற்கு 13 வகை உண்டு. மோட்டார் சைக்கிளில் தொடங்கி, பள்ளிப் பேருந்து, குப்பை லோரி, நெடுந்தூர இழுவை லோரி வரை தனித்தனியாக எழுத வேண்டும்.

அடுத்து வயதுக் கோப்பு. எனக்கு மிகவும் பிடித்த கோப்பு இது. ஒரு சமுதாயத்தின் பொருளாதாரமே அதில் தெரியும். ஒவ்வொரு வகையிலும் புத்தம் புதிய வாகனம் எத்தனை விழுக்காடு, ஒரு வயது எத்தனை, இரண்டு வயது எத்தனை என்று எழுதிக் கொண்டே போக வேண்டும். மூன்றாம் பதிப்பில் 30 வயதும் அதற்கு மேலும் ஒரே பெட்டி. இந்த விவரத்தை வாகனப் பதிவேட்டில் இருந்து எடுப்பார்கள். அமெரிக்காவில் வாகனத்தின் பதினேழு எழுத்து அடையாள எண்ணில் பத்தாவது எழுத்து, அது எந்த ஆண்டு மாடல் என்று சொல்லிவிடும்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? வாகனம் பழசானால் புகை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், அது பிறந்த ஆண்டின் சட்டம். அமெரிக்கக் கனரக டீசல் லோரிகளுக்கு 2007 மாடலில் இருந்து நுண்துகள் வரம்பு பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல்தான் வடிகட்டி வந்தது. 2006 மாடலும் 2007 மாடலும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். புகையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வயதுக் கோப்பில் ஒரு வரிசை தவறி, எல்லா லோரிக்கும் ஒரு வயது குறைந்து போனால், வடிகட்டியே இல்லாத லோரிகள் தாளில் மட்டும் வடிகட்டி மாட்டிக் கொள்ளும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் 16 மில்லியன் புதிய வாகனங்கள் விற்றன. பொருளாதாரச் சரிவு வந்ததும் 2009-இல் அது ஏறத்தாழ 10.4 மில்லியனாக விழுந்தது. ஆகவே 2012-இன் வயதுக் கோப்பில் மூன்று வயதுப் பெட்டியில் ஒரு பள்ளம் இருக்கும். 2022-இல் அந்தப் பள்ளம் பதின்மூன்று வயதுப் பெட்டிக்கு நகர்ந்திருக்க வேண்டும், நம் தலையில் வழுக்கை நகர்வது போல. பழைய கோப்பையே எடுத்து ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பினால், 2019 மாடல் கார்கள் காணாமல் போய்விடும். இதற்கென்றே முகவை ஒரு தனிக் கணிப்புக் கருவியும் கொடுத்திருக்கிறது.

நெடுந்தூர லோரிகளுக்கு உள்ளூர்ப் பதிவேட்டை நம்பவும் கூடாது. இந்த மாவட்டத்தில் பதிந்த லோரி எங்கோ ஓடிக் கொண்டிருக்கும். எங்கோ பதிந்த லோரி இங்கே ஓடிக் கொண்டிருக்கும். அவற்றுக்கு மட்டும் நாடு தழுவிய சராசரியைப் போடுவதே சரி.

இப்போது வேகக் கோப்பு. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். வாகனம் மிக மெதுவாக ஊர்ந்தால், ஒரு கிலோமீட்டருக்கு வரும் புகை மிக அதிகம். நடுத்தர வேகத்தில் குறையும். மிக வேகமாகப் போனால் மறுபடி ஏறும். ஆகவே எந்த வேகத்தில் எவ்வளவு என்று 16 பெட்டிகளாகப் பிரித்து எழுதச் சொல்கிறது மூவ்ஸ். முதல் பெட்டி மணிக்கு 2.5 மைலுக்கும் கீழே, கடைசிப் பெட்டி 72.5 மைலுக்கு மேலே. ஒவ்வொரு வாகன வகைக்கும், ஒவ்வொரு சாலை வகைக்கும், இருபத்து நான்கு மணிக்கும், வேலை நாளுக்கும் வார இறுதிக்கும் தனித்தனி வரிசை. பல்லாயிரம் வரிகள். அதில் எவ்வளவு என்றால் எது எவ்வளவு? தூரமா, நேரமா?

ஒரு சின்னக் கணக்கு. ஓர் அன்பர் காலையில் வேலைக்குப் போகிறார். முதல் 10 கிலோமீட்டர் சாலை காலி. 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடத்தில் போய்விடுகிறார். கடைசி 2 கிலோமீட்டர் நெரிசல். 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து 20 நிமிடம் எடுக்கிறார். மொத்தம் 12 கிலோமீட்டர், 30 நிமிடம். அவர் பயணத்தில் நெரிசல் எவ்வளவு? தூரத்தைப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு. நேரத்தைப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. பழைய மொபைல் மென்பொருளின் ஆறாம் பதிப்பு தூரக் கணக்கைக் கேட்டது. மூவ்ஸ் நேரக் கணக்கைக் கேட்கிறது. பழைய கோப்பை அப்படியே புதிய பெட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? ஆறில் ஒரு பங்கு நேரம் 6 கிலோமீட்டர் வேகம், ஆறில் ஐந்து பங்கு நேரம் 60 கிலோமீட்டர் வேகம் என்று கணினி புரிந்து கொள்ளும். சராசரி வேகம் 51 ஆகிவிடும். அந்த வேகத்தில் 12 கிலோமீட்டரை அவர் 14 நிமிடத்தில் கடந்துவிடுவார். உண்மையில் அவர் சாலையில் இருந்தது 30 நிமிடம். பதினாறு நிமிட நெரிசல், அதன் புகையோடு, மாயமாக மறைந்து போனது! ஒரு எண்ணும் பொய்யில்லை. எல்லாம் உண்மையில் அளந்த எண்கள். ஊற்றிய பாத்திரம்தான் வேறு.

சாலை ஏற்றமும் இப்படித்தான். கெந்திங் மலையில் ஏறுகிற பேருந்துக்கும் இறங்குகிற பேருந்துக்கும் வேகம் ஒன்றாக இருக்கலாம், இயந்திரம் படுகிற பாடு ஒன்றல்ல. ஒரு மாவட்டம் முழுவதற்கும் கணக்கிடும்போது இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு சாலைச் சந்திப்பை, ஒரு மேம்பாலத்தை மட்டும் ஆராயும்போது, ஒவ்வொரு சாலைத் துண்டின் நீளம், வாகன எண்ணிக்கை, வேகம், சரிவு நான்கையும் எழுதியே ஆக வேண்டும்.

வானிலைக் கோப்பு சின்னது. மணிவாரியாக வெப்பமும் ஈரப்பதமும் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கர்கள் கேட்பது ஃபாரன்ஹீட். நம்மவர்கள் பழக்கத்தில் 30 என்று போட்டால், கணினிக்கு அது உறைநிலைக்கும் கீழே. நண்பகலில் கோலாலம்பூரில் பனி பெய்யும், யாரும் குளிரூட்டியைப் போட மாட்டார்கள். எண்ணெய்க் கோப்பில் முகவையே விவரம் தருகிறது. உள்ளூர் விற்பனை விவரம் துல்லியமாகக் கையில் இருந்தாலொழிய அதில் கை வைக்காதிருப்பதே நல்லது. வாகனப் பரிசோதனைக் கோப்பில் எத்தனை விழுக்காட்டினர் உண்மையிலேயே பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று எழுத வேண்டும். நூறு என்று எழுத எல்லோருக்கும் ஆசைதான். பரிசோதனைக்கு வராதவர், வந்து தேறாமலே ஓட்டுகிறவர், விலக்கு வாங்கியவர் எல்லாரையும் கழித்துத்தான் எழுத வேண்டும்.

இத்தனையும் எழுதி மென்பொருளில் ஏற்றினால், ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும். பலர் இந்தப் பச்சைக் குறியைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். பச்சைக் குறிக்கு என்ன பொருள்? வரிகள் விடுபடவில்லை, பின்னங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்பது மட்டுமே பொருள். எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. சொல்லப் போனால், உள்நோக்கத்தோடு சரிக்கட்டப்பட்ட கோப்புக்கும் பச்சைதான் விழும், இன்னும் அழகாகவே விழும். அதனால்தான் இந்தத் தொழிலில் கண்ணியமானவர்கள், ஒவ்வொரு எண்ணும் எந்தப் பதிவேட்டில் இருந்து, எந்த ஆண்டில் இருந்து, யார் திருத்தி வந்தது என்று தனியாக ஒரு குறிப்பும் எழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்பை எழுதுவதற்குக் கூலி கிடையாது, நேரமும் கிடையாது. இருந்தும் எழுதுகிறார்கள்.

கோப்பு மட்டும் சரியாக இருந்தால் போதுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் பிடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சோதனைக்கூடத்தில் ஏற்றினால் நல்ல பிள்ளை, சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல நாற்பது மடங்கு வரை. உலகெங்கும் 11 மில்லியன் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக் கொண்டது. அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது, மேற்கு வெர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரின் பின்னால் ஒரு கையடக்கக் கருவியைக் கட்டிக் கொண்டு உண்மைச் சாலையில் ஓட்டிப் பார்த்ததுதான். கணினி எவ்வளவு பெரிதானாலும், சாலையில் இறங்கி ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். தொடக்கத்தில் அரங்கில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் நெடுஞ்சாலையை விரிவுபடுத்தப் போகிறார்களாம். அறிக்கையில் பாதிப்பு பெரிதாக இருக்காது என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா, தம்பி?" அம்மா, நம்புங்கள் என்றோ நம்பாதீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அமெரிக்க மூவ்ஸை அப்படியே இங்கே கொண்டு வந்து வைக்க முடியாது. அதில் மோட்டார் சைக்கிள் எல்லாமே ஒரே பெட்டி. அங்கே அது வார இறுதிப் பொழுதுபோக்கு. இங்கே பதிவான வாகனங்களில் பாதிக்கு நெருக்கமானவை மோட்டார் சைக்கிள்கள். கப்சாய் இல்லாமல் நம் ஊரில் காலைப் பொழுது விடியுமா? இதற்கு ஐரோப்பாவின் கோபெர்ட் ஓரளவு பொருந்தும், அதில் இருசக்கர வாகனங்களுக்கு வகை வகையாகப் பெட்டிகள் உண்டு. வளரும் நாடுகளுக்கென்றே கலிபோர்னியாவில் உருவாக்கிய 'ஐ.வி.இ.' என்ற மென்பொருளும் இருக்கிறது. இந்தியாவின் பூனே நகரில் அதைக் கொண்டு ஆய்வு நடந்திருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் உள்ளீட்டுக் கோப்பு நம் ஊர்க் கோப்பாக இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் பதிவான வாகனங்கள் 2023-லேயே 36 மில்லியனைத் தாண்டி, மக்கள் தொகையைவிட அதிகமாகிவிட்டன. அவை எல்லாம் ஓடுகின்றனவா? வேலியோரத்தில் துருப்பிடித்துச் செடி முளைத்துக் கிடக்கும் மோட்டார் சைக்கிளும் பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கிறது. பதிவேட்டை அப்படியே எடுத்து வயதுக் கோப்பில் போட்டால், சாலையில் இல்லாத கிழட்டு வாகனங்கள் கணினிக்குள் ஓடத் தொடங்கிவிடும். சாலை வரி புதுப்பித்தவற்றை மட்டும் எடுத்தால் கணக்கு ஓரளவு உண்மைக்கு நெருங்கி வரும். பக்கத்தில் சிங்கப்பூரில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 1990 முதல் உரிமைச் சான்றிதழ் முறை இருக்கிறது. பத்து ஆண்டு முடிந்தால் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் வாகனம் பதிவேட்டை விட்டுப் போய்விடும். அவர்களுடைய நிலப் போக்குவரத்து ஆணையம் கார்களின் வயதுவாரிக் கணக்கை வெளியிட்டும் வருகிறது. சிங்கப்பூர் வயதுக் கோப்பை ஜொகூருக்குப் போட்டால், அது ஜொகூரின் கோப்பாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனையிலும் அப்படித்தான். நம் நாட்டில் வணிக வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்ற வழக்கம் இருந்ததில்லை. ஆகவே எந்த அறிக்கையாவது எல்லாக் கார்களும் பரிசோதிக்கப்படுவதாக வைத்துக் கணக்கிட்டிருந்தால், அது வேறு ஏதோ நாட்டின் கோப்பு. எண்ணெய் விஷயத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம், 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 தர டீசல் வந்துவிட்டது. ஆனால் நல்ல எண்ணெய் ஊற்றியதால் பழைய லோரிக்கு வடிகட்டி முளைத்துவிடாது. எண்ணெயின் தரத்தை இயந்திரத்தின் தரமாக எழுதிவிடுகிற கோப்புகள் மீது ஒரு கண் வைக்க வேண்டும்.

பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, எழுத்து மூலம் கருத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அம்மா, நீங்கள் முன்னுரையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசியில் இருக்கும் பின்னிணைப்புக்குப் போங்கள். வாகன எண்ணிக்கை எந்த மாதம், எந்தக் கிழமை எடுத்தது? பள்ளி விடுமுறையில் எடுத்த எண்ணிக்கையா? லோரியின் பங்கு எத்தனை விழுக்காடு, அதில் இரவு நேர லோரி சேர்ந்திருக்கிறதா? காலை ஏழரை மணிக்கு அந்தச் சாலையில் என்ன வேகம் போட்டிருக்கிறார்கள்? நீங்கள் அந்தச் சாலையோரத்தில் பல காலமாகக் குடியிருப்பவர். ஏழரை மணிக்கு அங்கே வண்டி எப்படி ஊர்கிறது என்பது, அந்தக் கோப்பை எழுதியவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அட்டவணையில் 60 கிலோமீட்டர் என்று இருந்தால், இது தவறு, நான் தினமும் பார்க்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரையாவது மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னிணைப்பே இல்லையென்றால், உள்ளீட்டு விவரங்கள் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு கேள்வி போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொறியாளர் கோப்பை மறுபடி திறப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்.

நெறியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மோட்டார் சைக்கிள் புகை பற்றிக் கேட்ட தம்பிக்குக் கலந்துரையாடல் நேரத்தில் பதில் சொல்கிறேன்.